வலிப்புக்கும் வினைக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

கேள்வி: பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு வலிப்பு நோய். "போன பிறவி வினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். அழுதுவிட்டார். புத்தரும் இதைத்தானே சொல்லியிருக்கிறார்?

பதில்: இல்லை. அவர் பெயரைச் சொல்லி ஒரு தாயை அழவைத்திருக்கிறீர்கள்.

இன்பம், துன்பம் எல்லாமே முன்வினைதான் என்கிறார்களே என்று மோலிய சீவகர் என்ற துறவி புத்தரிடமே கேட்டார். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்து கெடுவது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாதது, பிறர் தாக்குவது, வினை என 8 காரணங்களை அடுக்கினார் புத்தர். வினை அதில் ஒன்று, அதுவும் கடைசியில். எல்லாப் பழியையும் முன்வினைமேல் போடுகிறவர்கள் உலகமே கண்கூடாக அறிந்ததை மீறிப் பேசுகிறார்கள் என்று கண்டிக்கவும் செய்தார். புத்தரின் உரைகளைத் தொகுத்த சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

கொலையும் கொடுமையும் செய்கிறவனுக்கு அற்பாயுளும் நோயும் வரும் என்று சுபன் என்ற இளைஞனிடம் அவர் சொன்னதும் உண்மைதான். அது ஓங்கிய கையைத் தடுக்கச் சொன்னது. படுத்துக் கிடப்பவனுக்குத் தீர்ப்பு எழுத அதை எடுக்கக் கூடாது. வினை எப்படி விளைகிறது என்று துருவிக்கொண்டே இருப்பவனுக்குப் பித்துத்தான் பிடிக்கும் என்று எச்சரித்தவரும் அவரே.

நோயாளியிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பது பௌத்தத் துறவிகளான பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் இருக்கிறது. வயிற்றுப்போக்கால் ஒரு பிக்கு தன் மலத்திலேயே கிடந்தார். சக பிக்குகள் எட்டிப் பார்க்கவில்லை. அவரால் தங்களுக்கு ஒரு பயனும் இல்லையாம். புத்தர் அவருடைய முற்பிறவியை விசாரிக்கவில்லை. தன் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அப்புறம்தான் பிக்குகளைக் கூட்டி, எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றார்.

மனமறிந்து செய்வதையும் பேசுவதையும் நினைப்பதையும்தான் அவர் வினை என்றார். அந்தக் கணக்கில் நீங்கள் அந்த அம்மாவிடம் பேசியதும் வினைதான்.

வலிப்பு மூளையின் மின்னோட்டத்தில் ஏற்படும் கோளாறு. முறையாக மருந்து எடுத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பு வராமலே வாழலாம். இன்றே போய் மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டுப் பையனுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டார்களா என்றும் விசாரியுங்கள். நிறுத்தியிருந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.