பாமினியில் அடித்த பழைய ஃபைலை மீட்க முடியுமா?

கேள்வி: 2003-இல் அப்பா டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வாங்கிய ஊர் வரலாறு வேர்டு ஃபைலாக இருக்கிறது. புது லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. ஃபாண்ட்டை லதா என்ற தமிழ் ஃபாண்ட்டுக்கு மாற்றியும் பலனில்லை. ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. அதற்குள் அன்றைக்கும் ஆங்கில எழுத்துதான் இருந்தது. பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்ட்டில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். சின்ன எம்முக்கு உரிய 109-ஆம் எண்ணில் 'அ' படத்தை வரைந்து வைத்த ஃபாண்ட் அது, அவ்வளவுதான்.

எழுத்துக்கு எண் கொடுக்க 1963-இல் வந்த ஆஸ்கி முறையில் மொத்தமே 128 இடம். பிறகு 256 ஆனது, அப்போதும் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நம்முடைய 247-ஐயும் அடைக்க வழியில்லை, அதனால் எழுத்து என்றால் திரையில் தெரியும் வடிவம் என்று எடுத்துக்கொண்டு துண்டு துண்டாக வரைந்தார்கள், ஃபாண்ட்டுக்கு ஒரு வரிசை என்று ஆகிப்போனது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் முறையாக 1991-இல் வந்த யூனிகோட் அந்த நினைப்பையே மாற்றியது: எண் எழுத்துக்கு, வரைவது மென்பொருளின் பாடு. எந்த ஃபாண்ட் போட்டாலும் 'அ' 2949தான். 'கொ' என்றால் பாமினியில் கண்ணில் படும் வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று. யூனிகோடில் முதலில் க, அப்புறம் ஒகரக் குறி, கொம்பை முன்னால் கொண்டுபோய்ப் போடுவது கணினியின் வேலை. ஃபாண்ட்டை மட்டும் மாற்றினால் போதாது என்பது இதனால்தான், உள்ளே இருக்கும் எண்ணே மாற வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது. மூல ஃபைலை நகலெடுத்துக்கொண்டு நகலில் மட்டும் கை வையுங்கள். பாமினி ஃபாண்ட்டை நிறுவி, எழுத்துக்கு அதையே போட்டுப் பாருங்கள், படிக்க வந்தால் பாமினியேதான், இல்லையென்றால் டாம், டாப் போல வேறு பழைய எழுத்து முறை ஏதாவது. அது உறுதியான பிறகு என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி எழுத்து முறையை மாற்றும் மென்பொருள் ஒன்றில் போட்டு யூனிகோடாக்குங்கள். நடுவில் நிஜமாகவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள், அவையும் தமிழாகி உளறும்.

அப்புறம் ஔகாரம். பாமினியில் 'கௌ', 'கெள' இரண்டுக்கும் ஒரே பதிவு, கன்வெர்ட்டர் ஊகித்துத்தான் மாற்றும். கௌரவம், பௌர்ணமி, வௌவால் எல்லாவற்றையும் தேடிப் பார்த்து, தனி 'ள' விழுந்திருந்தால் கையால் திருத்துங்கள்.