பழைய ஃபிளாட்டுக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: தாம்பரத்தில் 15 வருடப் பழைய ஃபிளாட்டை விற்கப் போகிறேன். புரோக்கர் ஒரு விலை சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். விளம்பரத்தில் போடும் விலை கேட்கிற விலைதான், கைமாறிய விலை இல்லை. உங்கள் தெருவில் கடந்த ஓராண்டில் உண்மையிலேயே விற்ற, கிட்டத்தட்ட அதே வயதும் அளவும் உள்ள மூன்று நான்கு ஃபிளாட்டுகளை விசாரியுங்கள், வாங்கியவர்களிடமே கேட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் பத்திரத்தில் பல சமயம் உண்மை விலையை விட்டு, வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பு) ஒட்டித்தான் எழுதியிருப்பார்கள். அப்புறம் சதுர அடி விலையாக மாற்றி ஒப்பிடுங்கள். லிஃப்ட், கார் பார்க்கிங் உங்களுக்கு இல்லையென்றால் குறையுங்கள். முக்கியமாக யூடிஎஸ், அதாவது கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு, எவ்வளவு என்று பாருங்கள். பழைய கட்டடத்தில் மதிப்பு பெரும்பாலும் அந்த நிலப் பங்கில்தான் இருக்கிறது.