ஒரு நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கினால் திறமூல இயங்குதளத்தின் கதி என்ன?

லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டை ஐபிஎம் வாங்கியதைப் போன்ற பெருநிறுவன இணைப்புகளால், மூலநிரலை எவரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல இயங்குதளங்கள் அழிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்வர்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூலநிரல் அழிவதில்லை. ஆனால் அந்த நிரலைத் தொகுத்து, சோதித்து, பாதுகாப்புத் திருத்தங்களோடு தவறாமல் வெளியிட்டு வரும் ஏற்பாடு அழியக்கூடும். உரிமம் காப்பது முதலாவதை மட்டுமே. இரண்டாவது யார் தரும் சம்பளத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதை விளக்க ஐபிஎம்மைவிடப் பொருத்தமான உதாரணம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ். அந்நிறுவனம் 2005 ஜூனில் தன் சோலாரிஸ் இயங்குதளத்தின் பெரும்பகுதியை சிடிடிஎல் என்ற திறமூல உரிமத்தில் வெளியிட்டு, ஓப்பன்சோலாரிஸ் திட்டத்தைத் தொடங்கியது. லினக்ஸ் பயனர்களை ஈர்ப்பதற்காக, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய இயன் மர்டாக்கையே 2007-இல் வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2009 ஏப்ரலில் சன்னைச் சுமார் 740 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக ஆரக்கிள் அறிவித்தது. 2010 ஜனவரியில் கைமாற்றம் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆரக்கிளின் உள்சுற்றறிக்கை ஒன்று வெளியே கசிந்தபோதுதான் விஷயம் தெரிந்தது: அன்றாட வளர்ச்சிப் பணி இனி வெளியே காட்டப்படாது, முழுப் பதிப்பு வெளியான பிறகே மூலநிரல் தரப்படும். 2011 நவம்பரில் சோலாரிஸ் 11 வந்தது, மூலநிரல் வரவில்லை.

திறமூலமாக இருந்ததை எப்படி மூட முடிந்தது என்று பலர் வியக்கிறார்கள். வெளியிலிருந்து நிரல் எழுதித் தந்தவர்கள் தங்கள் பதிப்புரிமையில் சன்னையும் கூட்டு உரிமையாளராக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். எனவே முழு நிரலுக்கும் பதிப்புரிமை பெற்றிருந்த நிறுவனத்தை, அது பிறருக்கு வழங்கிய உரிமத்தின் நிபந்தனைகள் கட்டுப்படுத்தவில்லை. ஏற்கெனவே வெளியான நிரலை ஆரக்கிளால் திரும்பப் பெற முடியாது. அடுத்து எழுதப்போவதைப் பூட்டி வைக்க முடியும். இந்த ஒரு நுணுக்கம் புரிந்தால் பிற இணைப்புகளில் பாதி புரிந்துவிடும்.

வெளியே நின்றவர்கள் 2010-இலேயே ஓப்பன்சோலாரிஸ் நிரலிலிருந்து தனியே பிரிந்து வளரும் இல்லுமோஸ் என்ற கிளைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். சன் மூடியே வைத்திருந்த சில பகுதிகளை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது அவர்களின் தொடக்கச் சுமைகளில் ஒன்று. இல்லுமோஸை அடிப்படையாகக் கொண்டு ஓப்பன்இண்டியானா வந்தது. என் வீட்டுக் கணினியில் அப்போது ஓப்பன்சோலாரிஸ்தான் இருந்தது, இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்காக. ஓப்பன்இண்டியானாவுக்கு மாறியபோது என் பூல் (வட்டுகளைச் சேர்த்து இசட்எஃப்எஸ் உருவாக்கும் சேமிப்பகம்) ஒரே கட்டளையில் திறந்துகொண்டது. சில ஆண்டுகள் கழித்து வாங்கிய புதிய மதர்போர்டின் வயர்லெஸ் சிப்புக்கு அதில் டிரைவர் இல்லாததால் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு திறமூல இயங்குதளத்துக்குப் போனேன். அங்கும் அதே பூல் அப்படியே திறந்தது. தரவு எங்கும் சிக்கவில்லை, இயங்குதளத்துக்குத்தான் ஆள் போதவில்லை. ஆரக்கிள் 2017 செப்டம்பரில் சோலாரிஸ் குழுவில் பெரும்பாலோரை வேலையிலிருந்து நீக்கியபோது, சன் எழுதிய இசட்எஃப்எஸ் வெளியே லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் செழித்துக்கொண்டிருந்தது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து 2019 ஜூலையில் ரெட் ஹேட்டை வாங்கி முடித்தது. 2020 டிசம்பரில், 2029 வரை பராமரிக்கப்படும் என்று எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8 (ரெட் ஹேட்டின் வணிகப் பதிப்பை மறுதொகுத்துத் தந்த இலவச இயங்குதளம்), 2021 இறுதியோடு முடிவுக்கு வரும் என்ற அறிவிப்பு வந்தது. எல்லோரும் ஐபிஎம்மைத் திட்டினார்கள். என் கணிப்பில், கவனிக்கப்பட வேண்டிய கைமாற்றம் 2014 ஜனவரியில் நடந்தது. தன்னார்வலர்கள் நடத்திவந்த சென்ட்ஓஎஸ் அன்றுதான் ரெட் ஹேட்டின் அணைப்புக்குள் போனது. வணிகச்சின்னம் அந்நிறுவனத்திடம் சேர்ந்தது, முக்கியப் பங்களிப்பாளர்கள் சிலர் அதன் ஊழியர்களானார்கள். அன்று அதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன், ஏனென்றால் அதற்குமுன் புதிய பதிப்புகள் வரத் தாமதமாகி எங்களைக் காக்கவைத்திருந்தன. பெயரும் ஆட்களும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால், பிறகு திட்டத்தை நிறுத்துவதற்கு ஓர் அறிவிப்பே போதும் என்று அப்போது தோன்றவில்லை.

ஆனாலும் சென்ட்ஓஎஸ்ஸின் இடத்தை நிரப்ப ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் 2021-இன் முதல் பாதியிலேயே நிலையான பதிப்புகளோடு வந்துவிட்டன. 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் வணிகப் பதிப்பின் மூலநிரலைப் பொதுவில் வைப்பதை நிறுத்தி, வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்றாக்கியது. பைனரியை, அதாவது இயக்கத் தயாரான நிரலைப் பெற்றவருக்கு மூலநிரலைத் தர வேண்டும் என்றுதான் லினக்ஸின் உரிமமான ஜிபிஎல் சொல்கிறது, ஊருக்கெல்லாம் தரச் சொல்லவில்லை. அப்படிப் பெற்ற நிரலை மறுபகிர்வு செய்பவரின் சந்தாவை ரத்து செய்வது ஜிபிஎல்லின் உணர்வுக்கு எதிரானது என்பதே என் கருத்து. சட்டப்படி அது செல்லுமா என்பது வேறு வாதம்.

எல்லாக் கைமாற்றமும் இப்படி முடிவதில்லை. லினக்ஸ் நிறுவனமான சூசேயை வாங்குவதாக 2003-இல் நோவெல் அறிவித்ததிலிருந்து அட்டாச்மேட், மைக்ரோ ஃபோகஸ், இகியூடி என்று நான்கு கைகள் மாறியும் ஓப்பன்சூசே நிற்கவில்லை, ஏனென்றால் சூசேயின் வணிகப் பதிப்பு உருவாவதற்கே அந்தச் சமூகப் பதிப்பு தேவைப்படுகிறது. டெபியனை வாங்க யாராலும் முடியாது; அதன் வணிகச்சின்னம் இலாபநோக்கற்ற அமைப்பு ஒன்றிடம் இருக்கிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடித்தளமாகக் கொண்டது நல்ல தேர்வு என்பேன்.

ஆகவே ஒரு இயங்குதளத்தை நிறுவுவதற்கு முன் உரிமத்தோடு சேர்த்து மேலும் இரண்டு விவரங்களைப் பார்க்கிறேன்: பெயர் யாருக்குச் சொந்தம், புதிய பதிப்பை வெளியிடும் ஆட்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது. இன்று என் பொறுப்பில் உள்ள புதிய சர்வர்களில் டெபியன் ஓடுகிறது. ரெட் ஹேட்டுக்கென்றே சான்றளிக்கப்பட்ட மென்பொருள் ஓட வேண்டிய சிலவற்றில் மட்டும் ஆல்மாலினக்ஸ் வைத்திருக்கிறேன்.