டயலில் இரண்டு பெயர்: பழைய தங்க வாட்ச் வாங்கும் முன்

கேள்வி: 1950களில் செய்த தங்கக் கைக்கடிகாரம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சாவி கொடுத்து ஓட்டும் வகை. டயலில் சுவிஸ் கம்பெனியின் பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு நகைக்கடையின் பெயர். "நகைக்காரரும் சேர்ந்து செய்தது, அதனால்தான் இந்த விலை" என்கிறார் விற்பவர். எனக்கு இரண்டு பெயர் இருப்பதே சந்தேகமாக இருக்கிறது. கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: இரண்டு பெயர் இருப்பதற்காகப் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் அது சாதாரண வழக்கம். பாடேக் பிலிப் என்ற சுவிஸ் கம்பெனியின் வாட்ச்களை நியூயார்க் நகைக்கடையான டிஃபனி 1851 முதல் விற்று வருகிறது. அவற்றில் பலவற்றின் டயலில் இரண்டு பெயரும் இருக்கும். லூசர்ன் நகரத்து குபெலின், கராகஸில் இருந்த செர்பிகோ இ லைனோ போன்ற நகைக்கடைகளும் தாங்கள் விற்ற வாட்ச்களில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டன.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது "சேர்ந்து செய்தது" என்ற சொல்லை. நகைக்காரர் என்னதான் செய்தார் என்று கேளுங்கள். வெறுமனே விற்றவராக இருக்கலாம். சுவிஸ் மெஷினை மட்டும் வாங்கி, அதை மூடும் தங்கக் கூட்டை, அதாவது கேஸை, தன் பட்டறையில் செய்தவராக இருக்கலாம். அல்லது வடிவத்தையே அவர் வரைந்திருக்கலாம். இந்த மூன்றாவது வகை அபூர்வம். ஒமேகா கம்பெனிக்காக லண்டன் நகைக் கலைஞர் ஆண்ட்ரூ கிரிமா செய்த வாட்ச்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் வெளிவந்த அந்த வரிசையில் கண்ணாடிக்குப் பதில் ரத்தினக் கல்லைப் பதித்திருப்பார். கல்லுக்குள் பார்த்துத்தான் மணி தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே நகைக்காரரின் கை இல்லாமல் வாட்சே இல்லை, அதற்குக் கூடுதல் விலை நியாயம். கடைக்காரர் பெயரை மட்டும் அச்சடித்த டயலுக்கு அதே நியாயத்தைச் சொல்லி விலை கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பின்மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். வாட்ச் மெக்கானிக் ஒருவரை வைத்து உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். கேஸை நகைக்காரர் செய்திருந்தால் மூடியின் உட்புறத்தில் பெரும்பாலும் அவர் பெயரோ முத்திரையோ பொறித்திருக்கும். டயலில் மட்டும் பெயர் இருந்து உள்ளே வாட்ச் கம்பெனியின் முத்திரை மட்டுமே இருந்தால், அவர் விற்பனையாளர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கத்தின் தரமும் அங்கேதான் தெரியும். 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14, 375 என்றால் 9. சுவிஸ் அரசு முத்திரையில் 18 காரட்டுக்கு ஹெல்வெஷியா என்ற பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு அணில். 1995 முதல் இரண்டுக்கும் பதிலாக செயின்ட் பெர்னார்டு நாயின் தலை வந்துவிட்டது. ஆகவே 1950களின் வாட்ச் என்று சொல்லும் கேஸில் நாய்த் தலை இருந்தால் விளக்கம் கேளுங்கள். பிரெஞ்சு முத்திரை என்றால் 18 காரட்டுக்குக் கழுகுத் தலை. "20 வருட உத்தரவாதம்" என்ற மாதிரி எழுதியிருந்தால் அது முழுத் தங்கம் அல்ல, மேலே தங்கத் தகடு போர்த்திய உலோகம்.

அப்புறம் டயல். நகைக்கடைப் பெயரைப் பிற்பாடு சேர்த்து விற்கும் மோசடி நிஜமாகவே நடக்கிறது. காரணம், பெயருக்குக் கிடைக்கும் பணம். 2021 டிசம்பரில் நியூயார்க்கில், பாடேக் பிலிப், டிஃபனி இரண்டு பெயரும் கொண்ட ஒரு நீல டயல் வாட்ச் (நாட்டிலஸ் என்ற மாடல்) 65 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது தர்மக் காரியத்துக்கான ஏலம் என்பது வேறு விஷயம். ஆனால் அது தங்க வாட்ச்கூட இல்லை, ஸ்டீல்! உருப்பெருக்கிக் கண்ணாடியில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். நகைக்கடைப் பெயரைத் தனியாக, கடைசியில் அச்சடிப்பது உண்டு. அதனால் மையின் சாயல் லேசாக மாறுவது குற்றமில்லை. கம்பெனி பெயர் மங்கி, ஓரம் உதிர்ந்திருக்க, கீழே உள்ள பெயர் மட்டும் நேற்று அடித்த மாதிரி கறுப்பாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கம்பெனியிடம் ஆவணச் சான்று கேட்கலாம். பாடேக் பிலிப் தரும் சான்றில் செய்த வருடமும் விற்ற தேதியும் வரும், விற்ற நகைக்கடையின் பெயர் பெரும்பாலும் வராது. வாட்ச் எண் எழுதிய பழைய ரசீது இருந்தால் அதை நம்பலாம். வெறும் பெட்டி சாட்சியாகாது, பெட்டிகள் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன.

விலை பேசும்போது, அதே மாடல் நகைக்கடைப் பெயர் இல்லாமல் என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு பணத்துக்கும் ரசீதோ முத்திரையோ அவர் காட்டட்டும். எடை சொல்லி விற்றால், மெஷினும் கண்ணாடியும் கழற்றிய எடையைக் கேளுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள வாட்சில் மெஷின் சுவிஸ், கேஸில் அமெரிக்கக் கம்பெனியின் பெயரும் 14 காரட் முத்திரையும் இருக்கின்றன. மெஷினில் புரியாத மூன்று எழுத்து வேறு. ஒட்டு வேலையா?

பதில்: அநேகமாக இல்லை. இறக்குமதி வரியை மிச்சப்படுத்த மெஷினை மட்டும் கொண்டுவந்து அமெரிக்காவிலேயே கேஸ் போட்டார்கள். மூன்று எழுத்து என்பது இறக்குமதிக் குறி: லாஞ்ஜீனுக்கு எல்எக்ஸ்டபிள்யூ, ஒமேகாவுக்கு ஓஎக்ஸ்ஜி. உங்கள் மெஷினின் பெயரோடு அது பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: அப்பாவின் தங்க வாட்ச், பின்னால் அவர் பணி ஓய்வு பெற்ற தேதி பொறித்தது. கீறல் நிறைய. விற்பதற்கு முன் நகைக்காரரிடம் கொடுத்து பாலிஷ் போட்டு எழுத்தையும் அழிக்கச் சொல்லலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பாலிஷ் என்றால் தங்கத்தைத் தேய்த்து எடுப்பதுதான். பட்டை மாட்டும் கொம்புகளின் கூர்மை போய்விடும், முத்திரை மழுங்கும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பதே அந்த இரண்டையும்தான். பொறித்த எழுத்தை அழித்தால் மூடி மெலியும், வாட்சின் வயதுக்கு இருக்கும் சாட்சியும் போய்விடும். தங்கச் சங்கிலிப் பட்டையில் கண்ணி விட்டிருந்தால் அதை நகைக்காரர் பற்றவைக்கலாம். ஆனால் முதலில் மெக்கானிக்கிடம் கொடுத்து மெஷினையும் டயலையும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள், நெருப்பும் கழுவும் திரவமும் டயலைக் கெடுத்துவிடும்.