பட்டறைப் பக்கம்: பால் நிறமான கிரவுன் ஆயில்

கேள்வி: ஐயா, அப்பா ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி நிசான் ஒன் டன் இன்னும் எங்களிடம் ஓடுகிறது. தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றிவர வாய்க்காலில் இறக்கித்தான் ஓட்ட வேண்டும். பின்பக்க டிஃபரன்ஷியலில் எண்ணெய் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வீட்டிலேயே மாற்றலாமா? எந்த எண்ணெய் ஊற்றுவது?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தாராளமாக மாற்றலாம் தம்பி. ஆனால் எண்ணெய் வாங்கக் கிளம்பும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, காற்று போய்வருவதற்கான பிரீதரைப் பாருங்கள். டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் கூடான ஆக்சில் ஹவுசிங்கின் மேல்பக்கம் விரல்நுனி அளவில் ஒரு மூடி இருக்கும். வாய்க்காலில் ஓடும் வண்டியில் அது சேறும் எண்ணெயும் இறுகிப்போய்க் கண்ணுக்கே தெரியாது. உங்கள் கதைக்கு வில்லன் அநேகமாக அவர்தான்.

பாரம் ஏற்றி ஓடும்போது ஹவுசிங்குக்குள் எண்ணெயும் காற்றும் சூடாகின்றன. அந்தச் சூட்டோடு வாய்க்காலில் இறக்கினால் உள்காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். பிரீதர் திறந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே போய்ச் சரியாகிவிடும். அடைத்திருந்தால் ஆயில் சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு டிஃபரன்ஷியலுக்குள் சுழலும் பெரிய பல்சக்கரமான கிரவுன் அதைக் கடைந்து கடைந்து டீக்கடைப் பால் மாதிரி ஆக்கிவிடும். பிரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து ஊதிப் பாருங்கள். தண்ணீர் ஆழமான இடமென்றால் பிரீதரே முங்கிவிடும். அதற்கு ஒரு நிப்பிள் போட்டு ரப்பர் குழாயைச் சேஸிக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள். முத்துப்பேட்டைப் பக்கம் உப்புத் தண்ணீரில் இறக்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யணும். இதை விட்டுவிட்டு எவ்வளவு விலை கொடுத்து எண்ணெய் ஊற்றினாலும் அடுத்த நடையிலேயே பாலாகும். ஜூனில் மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் முடித்துவிட்டால் நிம்மதி.

இனி எண்ணெய் மாற்றும் வேலை. வண்டியை நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் சமமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். உயரமான வண்டி, ஜாக்கியே தேவைப்படாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள். எண்ணெய் ஊற்றும் மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள். கீழ் பிளக்கைத் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் பிளக் வர மறுத்தால், வண்டி களத்திலேயே குடியிருக்க வேண்டியதுதான். சில பிளக்குகளில் சதுரக் குழி இருக்கும். அளவான சதுரக் கம்பியை லேத்தில் கொடுத்துச் சாவி செய்துகொள்ளுங்கள். உளி வைத்துத் தட்டினால் மூலை மழுங்கிப்போகும்.

பொதுவாகக் கிரவுன் ஆயிலைச் சூடாக இருக்கும்போது வடிப்பார்கள். உங்கள் வண்டிக்கு நான் வேறு மாதிரி சொல்கிறேன். இரவு முழுக்க நிற்கட்டும். காலையில் கீழ் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். எண்ணெயோடு கலக்காத தண்ணீர் அடியில் தங்கியிருந்தால் முதலில் அதுதான் வரும். எவ்வளவு குடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் பிளக்கில் காந்தம் இருந்தால், கழுவும் முன் அதைப் பனியன் வேஸ்டில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு வந்தால் அது சாதாரணத் தேய்மானம். ஊசி ஊசியாகவோ, விரலில் குத்துகிற சில்லாகவோ வந்தால் பேரிங்கோ பல்லோ போய்விட்டது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சில்லு இல்லையென்றால், விலை குறைந்த 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றி ஊர் எல்லை வரை ஓட்டிவந்து, சூட்டோடு வடித்துவிடுங்கள். அப்போதும் வெளுத்தே வந்தால் இன்னொரு முறை. டீசல், மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பல்லுக்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்கிற பிடிப்பு அதில் கிடையாது. கடைசியாக ஊற்றுவது, கிரவுன் ஹைப்பாய்டு வகையாக (அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரம் கிரவுனின் நடுக்கோட்டிலிருந்து விலகிப் பொருந்தும் வகை) இருந்தால், டப்பாவில் ஜிஎல்-5 என்று போட்டிருக்கும் 80டபிள்யூ-90. அதையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள்; பழைய பெட்டிகளில் உள்ள பித்தளை, வெண்கலப் பாகங்களை அது அரிக்கக்கூடும். அளவு, துளையின் கீழ் விளிம்பைத் தொடும் வரை.

முன் ஆக்சிலையும் திறந்து பாருங்கள். ஃபோர் வீல் போடுவதே இல்லை என்று எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள், தண்ணீரில் முதலில் இறங்குவது அதுதானே! வடித்த எண்ணெயை வாய்க்காலில் கொட்டாமல் டின்னில் பிடித்து, பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய மிலிட்டரி ஜீப்பான ஜோங்காவில் கிரவுன் ஆயில் மாற்றியதிலிருந்து பின்பக்க இடது பிரேக் பிடிக்கவில்லை. டிரம்மைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்!
– வாசகி, மன்னார்குடி

பதில்: அதிகமாக ஊற்றியிருப்பார்கள் அம்மா, இல்லையென்றால் அங்கேயும் பிரீதர் அடைப்பு. மேல் பிளக்கைத் திறந்தால் எண்ணெய் வழிகிறதா பாருங்கள். வழிந்தால் நிற்கும் வரை விடுங்கள். ஹப் ஆயில் சீலை மாற்றுங்கள். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், சூடேறியதும் மறுபடி கசியும். இரண்டு பக்கமும் புது லைனிங் போடுங்கள், ஒரு பக்கம் மட்டும் போட்டால் வண்டி இழுக்கும்.

கேள்வி: வாங்கும்போது சத்தமே இல்லாத மிலிட்டரி லாரி, எண்ணெய் மாற்றியதும் ஊளையிடுகிறது. கிரவுனை மட்டும் மாற்றினால் போதுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வடித்த எண்ணெயை வடிகட்டிப் பார்த்தீர்களா? மரத்தூள் கலந்தோ, பிசின்போல் தடித்த எண்ணெய் ஊற்றியோ சத்தத்தை அமுக்கி விற்பது பழைய தந்திரம். கிரவுனை மட்டும் மாற்றக்கூடாது. கிரவுனும் அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. பொருத்தும்போது பேக்லாஷ், அதாவது பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி பார்த்து, பல்லில் நீலம் தடவித் தடம் பார்த்து, ஷிம் என்கிற மெல்லிய தகடு வைக்கணும். இது வீட்டு வேலை இல்லை. பழைய இரும்புக் கடையில் ஜோடியாக எடுத்தால், இரண்டிலும் பொறித்திருக்கும் ஜோடி நம்பரைத் துடைத்துப் படியுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு விலை குறைத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.