மருத்துவர் பதில்: கிருமி மாறினால் கொடியதாகிவிடுமா?

கேள்வி: எனது அப்பாவுக்கு வயது 61. 2009இல் இடது காலில் செல் (எறிகணை) துண்டு பட்டது; எடுக்கவில்லை. காயம் ஆறுவதும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சீழ் வடிவதுமாக இருக்கிறது. சீனி வருத்தமும் உண்டு. காலபோக விதைப்பு முடிந்த கையோடு இந்த முறையும் வாய் திறந்துவிட்டது. சீழில் ஸ்டஃபைலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி இருப்பதாகவும், அது மரபணு மாறிய வகை என்றும் சொன்னார்கள். கிருமி முன்னையதைவிடப் பயங்கரமாகிவிட்டதா? வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குத் தொற்றுமா?
(வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: மரபணு மாற்றத்தைப் பாடப்புத்தகத்தில் 'விகாரம்' என்று படித்திருப்பீர்கள். பாதிப் பயத்துக்கு அந்தச் சொல்லே காரணம் என்று நினைக்கிறேன். உண்மையில் அது ஓர் எழுத்துப் பிழை. இந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 28 இலட்சம் எழுத்துகள் இருக்கின்றன. வசதியான இடத்தில் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அது இரண்டாகப் பிரியும். அத்தனை எழுத்தையும் இத்தனை தடவை பிரதி எடுக்கும்போது எப்போதாவது பிழை விழாமல் இருக்குமா? பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. சில கிருமியையே கொன்றுவிடும்.

உங்கள் இடது மேற்கையிலுள்ள தழும்பைப் பாருங்கள். காசநோய் வராதிருக்கப் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பு அது. மாட்டுக் காசநோய்க் கிருமியை கல்மெட், கெரன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1908 முதல் 13 வருடங்களாக, பித்தநீரில் தோய்த்த உருளைக்கிழங்குத் துண்டுகளில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். அதற்குள் நோய் உண்டாக்கும் மரபணுக்கள் சிலவற்றை அது இழந்துவிட்டது. விகாரமடைந்த கிருமியைத்தான் நாம் குழந்தைகளுக்கு ஏற்றுகிறோம்!

எதிர்மாறாகவும் நடக்கும். தொண்டை நோவு தருகிற ஸ்ட்ரெப்டோகொக்கஸில் ஒரு கட்டுப்பாட்டு மரபணு பழுதானால், பிரேக் அறுந்த லொறி போல நஞ்சுகளை அள்ளிவிட்டு, சதையை அழிக்கும் நோயாகவும் மாறலாம். அப்பாவின் காலில் நடப்பது அதுவல்ல.

ஆய்வுகூடத்தில் ஸ்டஃபைலோகொக்கஸ் ஓரியஸ் வழக்கமாக ஒரே நாளில் வளர்ப்புத் தட்டில் பொன்மஞ்சளாய், கடுகளவு பொட்டுகளாக வளர்ந்துவிடும். அப்பாவுடைய வகை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான், ஊசி முனையால் குத்தியது போல நிறமில்லாத புள்ளிகளாகத் தெரியும். அவசரப்பட்டு அடுத்த நாளே தட்டை எறிந்தால் 'கிருமி இல்லை' என்று அறிக்கை வரும். சக்தி உண்டாக்கும் மரபணுவில் பிழை விழுந்ததால் அது அடுப்பைத் தணித்துக்கொண்டது. நஞ்சு குறைவு; பெருக்கமும் மெதுவானது. ஆனால் நம் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து படுத்துவிடும். ஜென்டமைசின் ஊசியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மருந்து கிருமிக்குள் நுழைய அந்தக் கிருமியின் சக்தியே வேண்டும். அடுப்பு தணிந்த வீட்டில் அதற்கு வழியில்லை. நீறு பூத்த நெருப்பு என்பார்களே, இது அதேதான். பிறகு மரபணு மறுபடி மாறிப் பழைய குணத்துக்குத் திரும்பினால் காலில் சீழ் வடியும்.

மாரி மழையின் மேல் பழி போடாதீர்கள். சேறும் ஈரமும் வாயைத் திறக்க உதவுகின்றன. கிருமியின் குடியிருப்பு செல் துண்டும் அதைச் சுற்றிச் செத்துப்போன எலும்பும்தான். செத்த எலும்புக்கு இரத்த ஓட்டம் இல்லை. குளிசை அங்கே எப்படிப் போய்ச் சேரும்? பார்மசியில் 'இன்னும் வீரியமானது' கேட்டு வாங்குவது வீண். அதனால் கெடுதலும் உண்டு. மருந்து விகாரத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே மாறி நிற்பதை மட்டும் மிச்சம் விடுகிறது. வயலுக்குப் புல்லுமருந்தை அரைகுறையாக அடித்தால் எந்தப் புல் தப்பும் என்று அப்பாவுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

எக்ஸ்ரே எடுத்து, செத்த எலும்பை எடுக்க முடியுமா என்று எலும்பு சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். அதன் பிறகு ஆறு வாரமளவில் மருந்து, நடுவில் நிறுத்தாமல். சீனியைக் கட்டுப்படுத்தாவிட்டால் இவையெல்லாம் பாதிப் பலனே தரும். வயலில் இறங்குபவர், சீனி வருத்தக்காரர் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். காய்ச்சலும் இருந்தால், சேற்று மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸையும் தேடிப் பார்க்க வேண்டும். அதற்கு வேறு மருந்து.

பிள்ளைகளை அப்பாவிடமிருந்து விலக்கி வைக்க வேண்டாம். சுகதேகிகளில் மூன்றிலொருவர் மூக்கில் இந்த இனக் கிருமி சும்மாவே குடியிருக்கிறது. மருந்து கட்டியவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். துவாய் தனியாக இருக்கட்டும்.

புண்ணின் ஓரம் தடித்துப் பூப்போல வளர்ந்தாலோ இரத்தம் கசிந்தாலோ கிளினிக் திகதி வரை காத்திருக்காதீர்கள். நெடுநாள் புண்ணில் அரிதாகப் புற்றுநோய் வரும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எழுதித் தந்தால், காலுக்குள் இரும்பு இருக்கிறது என்று உள்ளே போகும் முன்னே சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம்.