பலகைத் தடமும் தச்சரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் பழைய ஸ்டாக் கார் பந்தயப் படங்களையும், மரப்பலகையால் ஆன ஓடுதளங்களையும் பார்த்துச் சொக்கிப்போயிருக்கிறேன். கடையில் வாங்கிய காரை அப்படியே பந்தயத்தில் இறக்கிய காலம்! மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு மரத்தட மாதிரி செய்கிறோம். எத்தனை டிகிரி சாய்வு வைக்கலாம்? இன்று ஏன் யாரும் இவற்றைக் கட்டுவதில்லை? பயம்தானே காரணம்?

மு.

அன்புள்ள மு.,

மரத்தடங்களைப் பற்றி உருகுகிறவர்கள் மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள், மரத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள் என்ற எரிச்சல் எனக்குக் கொஞ்ச நாளாகவே உண்டு. உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

முதலில் ஒன்று. இரண்டு காலங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். பெரிய பலகைத் தடங்களின் காலம் 1910இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பிளாயா டெல் ரேயில் தொடங்கி 1931 வாக்கில் முடிந்துவிட்டது. ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு பிறந்ததே 1948இல்தான். ‘கடையில் வாங்கிய கார்’ கதையையும் நம்பாதீர்கள். 1949 ஜூன் 19, சார்லட் மண் தடத்தில் நடந்த அவர்களின் முதல் ‘ஸ்டாக்’ பந்தயத்திலேயே, முதலில் வந்த கிளென் டனவேயின் ஃபோர்டு தள்ளுபடியானது. கள்ளச்சாராயம் ஏற்றினாலும் பின்பக்கம் தொங்காதபடி ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார்கள். பரிசு லிங்கன் ஓட்டிய ஜிம் ரோப்பருக்குப் போனது. இது போதும்.

இனி மரம். தடத்தைக் கட்டியவர்களில் முக்கியமானவர் ஜாக் பிரின்ஸ், சைக்கிள் பந்தயத் தடங்களிலிருந்து வந்தவர். 2 அங்குலக் கனமும் 4 அங்குல அகலமும் உள்ள சட்டங்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, ஓடும் திசையிலேயே நெருக்கமாக அடுக்கி, கீழே மரச்சாரத்தோடு ஆணியடிப்பார்கள். 50 அடி அகலத்துக்கு 300 வரிசை. 16 அடிச் சட்டமானால் ஒரு மைலுக்கு 330 துண்டு. பெருக்கினால் 99,000 சட்டங்கள். இது வெறும் மேல்தளம், சாரம் தனி. இத்தனையையும் எந்தப் பாதுகாப்பு மருந்தும் பூசாமல் வெயிலிலும் மழையிலும் போட்டார்கள்.

என்ன ஆகும்? வெயிலில் சட்டம் சுருங்கும், இடுக்கு விடும். மழைநீர் அந்த இடுக்கில் இறங்கித் தங்கும், மரம் உப்பும், மறுபடி சுருங்கும். ஆணி தளரும். தளர்ந்த சட்டத்தின் முனையைத்தான் டயர் முதலில் பிளக்கும். இஞ்சினிலிருந்து சொட்டும் எண்ணெய் வேறு. கணு பெயர்ந்து தெறிக்கும். சிலாம்பு முகத்தில் குத்தும். ரேடியேட்டருக்கு முன்னால் கம்பிவலை கட்டினார்கள். மேலே கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே தச்சர்கள் சாரத்தில் தொற்றிக்கொண்டு ஓட்டையடைத்த தடங்கள் உண்டு. மூன்று, ஐந்து வருடத்தில் தளம் முழுக்க மாற்றவேண்டிய நிலை. அந்தச் செலவுக்கு நுழைவுச்சீட்டுக் காசு கட்டாது. பெவர்லி ஹில்ஸ் 1924இல் மூடியது மனை விலையால், மியாமி ஃபுல்ஃபோர்டு 1926 புயலில் போனது, சரி. மற்றவை பெரும்பாலும் தச்சுக்கூலிக்குப் பலியானவை.

பயம் என்கிறீர்கள். 1912இல் நியூவார்க் பலகைத் தடத்தில் எடி ஹாஷாவின் மோட்டார்சைக்கிள் மேல்விளிம்பில் மோதி, அவரோடு இன்னொரு ஓட்டுநரும் பார்வையாளர்களும் செத்தார்கள். பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. அதற்குப் பிறகுதான் ஐயா, பெரிய கார் தடங்களில் பெரும்பாலானவை வந்தன! பயத்தால் நின்றிருந்தால் அன்றே நின்றிருக்கும்.

வேகமும் மரத்தின் கொடைதான். 1927இல் ஃபிராங்க் லாக்ஹார்ட் ஒன்றரை லிட்டர் மில்லர் காரில் அட்லாண்டிக் சிட்டி பலகையில் மணிக்கு 147 மைல் போனார். அதே ஆண்டு இண்டியானபொலிஸ் செங்கல் தளத்தில் தகுதிச்சுற்றில் அவருக்குக் கிடைத்தது 120. மரத்தை வளைத்துச் செங்குத்தாகச் சாய்க்க முடிந்தது, அவ்வளவுதான் ரகசியம். கூரைக்குள் இருக்கும் சைக்கிள் தடங்கள் இன்றும் மரம்தான். மழை படாது, பாரமும் இல்லை.

உங்கள் சாய்வு. பிளாயா டெல் ரே 20 டிகிரி. ஒரு மைல் சுற்றளவுள்ள வட்டத்தில், டயரின் பிடியை நம்பாமலே வண்டி திரும்ப, அது மணிக்கு ஏறக்குறைய 109 கி.மீ. வேகத்துக்குச் சரி, 45 டிகிரி வைத்தால் 180. 45 வையுங்கள், பார்க்க அழகு. ஆனால் நேர்ப்பகுதியிலிருந்து சாய்வை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். தடம் கட்டிய பொறியாளர் ஆர்ட் பில்ஸ்பரி ரயில்பாதைக் கணக்கைக் கொண்டுவந்து படிப்படியாக ஏற்றிய பிறகுதான் வண்டிகள் வளைவில் குலுங்காமல் நுழைந்தன.

பிளைவுட்டை வளைத்து ஒட்டி ‘மரத்தடம்’ என்று எழுதிவைத்தால் எனக்குக் கோபம் வரும். 1:24 அளவில் சட்டம் 2 மி.மீ. × 4 மி.மீ. ஐஸ் குச்சி 2 மி.மீ. கனம், விளிம்பில் நிறுத்தி ஒட்டுங்கள், உயரம் கூடினால் பரவாயில்லை. 30 செ.மீ. சதுரத்துக்கு 450 குச்சி வேண்டும். மூட்டுகள் ஒரே கோட்டில் வராமல் முன்பின்னாக வையுங்கள். வார்னிஷ் வேண்டாம். கண்காட்சி முடிந்ததும் ஐப்பசி மழையில் ஒரு வாரம் மொட்டைமாடியில் போட்டு, அப்புறம் ஒரு வாரம் காயவிட்டு, என்ன ஆனது என்று உங்கள் மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.